கீழ்வீட்டுக்குக் கேட்பது

பதினோராயிரம் சொன்னான் கிளிட்டஸ்.
ஒன்பதரைக்கு முடிந்தது.
மஸ்கட் விசா வந்து அவசரத்தில் விற்பவனிடம்
பேரம் பேசக் கூடாதுதான்.
ஆனால் தடைக்காலம், ஐஸ் கம்பெனியில் அரைச் சம்பளம்.
டோக்கன் எழுதுகிற அக்காவுக்கு எதுக்கு டிரம் செட்
என்று அவனே ஒருமுறை கேட்டான்.
பதில் இல்லை. நோட்டை எண்ணிக் கொடுத்தேன்.

தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு
மீன் ஏற்றும் குட்டியானையில் வந்தது:
குழாய்க் கால்கள், ரப்பர் தட்டுகள்,
பிளாஸ்டிக் சிம்பல் மூன்று,
எது எங்கே என்று எழுதாத வயர்கள் ஒரு கோணிச் சாக்கில்.
இரண்டு நாள் மாடியறை கணவாய் மணத்தது.

முதலில் மாட்டியதில்
இடது தட்டைத் தொட்டால் சிம்பல் அலறியது,
சிம்பலைத் தொட்டால் மிதி உறுமியது.
கைபேசியில் ஒருவன் இந்தியில் விளக்கினான்.
பாதி புரிந்தது.
மீதியை வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிக் கற்றேன்.
ஒரு தட்டு மட்டும் ஊமை.
செருகும் வாயில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது,
சைக்கிள் செயினையும் கதவுக் கொண்டியையும்
தின்கிற அதே உப்பு.
பழைய டூத்பிரஷ், ஒரு மூடி வினிகர்,
மொட்டைமாடியில் ஒரு மதிய வெயில்.
இருமிவிட்டுப் பேசியது.

ஹெட்போன் மாட்டியதும்
கச்சான் காற்று நின்றது, ரயில் நின்றது.
கூரை உயர்ந்த ஒரு மண்டபத்தில் இருந்தேன் நான்.
என் மகன் பார்த்தது
அம்மா ரப்பரைக் குச்சியால் அடிப்பதை.
டொக், டொக்.
சிரித்துவிட்டுப் போனான்.

வலக்கை எட்டு எண்ண வேண்டும்.
இடக்கை இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும்.
வலக்கால் ஒன்றிலும் மூன்றிலும்.
இத்தனை வருஷம்
வலக்கை போன இடத்துக்கெல்லாம் கூடப் போய்ப் பழகிய இடக்கை,
தனியாகப் போ என்றால்
வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கிறது.
மெட்ரோனோம் அறுபதில் என்னை முந்தியது.
நாற்பத்தைந்துக்கு இறக்கினேன்.

நான்காம் நாள் படியேறி வந்தாள் அமலோற்பவம்.
"மேல என்னத்தடி இடிக்கிற ராப்பகலா,
முண்டு வத்தலா?"

மற்றதெல்லாம் ஹெட்போனுக்குள் அடங்கும்.
மிதி மட்டும் தரைவழியே இறங்கி
அவள் சோற்றுத் தட்டில் விழுகிறதாம்.

விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசாதிருக்க
விலாவில் தொங்கவிடும் டயர்,
அதில் மூன்று கேட்டு வாங்கினேன்.
மேலே மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடி,
அதன்மேல் பிளைவுட்.
"இப்ப?" என்று கத்தினேன்.
"இப்ப மெதுவா இடிக்கிற."
ஒன்பது மணிக்கு மேல் மிதிப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.
அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள்,
"மூணாவது இடி பிந்தி விழுது."
சரிதான். பார்த்தேன். பிந்தித்தான் விழுகிறது.

பட்டனை அழுத்திக்கொண்டே போனபோது
பதினேழாம் எண்ணில் கிளிட்டஸ் இருந்தான்.
நாற்பது நொடிப் பதிவு.
வேகமாகத் தொடங்கி ஓரிடத்தில் தடுக்கி,
முதலிலிருந்து வந்து, அதே இடத்தில் தடுக்கி,
பிறகு மிதி மட்டும்
கோபமாக நான்கு தடவை.
சந்தியாகப்பர் திருவிழாவில் பிசகாமல் வாசித்த பையன்.

இடமில்லை, ஒன்றை அழிக்கவும் என்கிறது திரை.
வேணுமா தம்பி என்று வாட்ஸப்பில் கேட்டேன்.
இரண்டு நீலக் கோடு.
மறுநாள் பின்னிரவில் வந்தது பதில்:
"அழிச்சிருங்க அக்கா.
அந்த எடம் எனக்கு வரவே இல்ல."

இரண்டு நாள் கழித்துத்தான் அழித்தேன்.

தடை முடிய இன்னும் ஒன்பது நாள்.
பிறகு பாளம் பாளமாய் ஐஸ் இறங்கும்,
டோக்கன் டோக்கனாய் விடியும்.
பதினேழாம் எண்ணில் இப்போது
நாற்பத்தைந்து வேகத்தில் பதினோரு நொடி.
பன்னிரண்டில்
இடக்கை வாசலில் நிற்கிறது.