யானை திருப்பிய பெட்டி

வீட்டுக்கு நாற்பது ரூபாய், மாசம்.
பேட்டரிக்கு,
அணில் கடித்த வயருக்கு.
கணக்கு நோட்டு ஜடைச்சியிடம்,
ராகி மூட்டைக்கு அடியில்.

கடம்பூர் மலையேறிய பழைய போர்வெல் குழாய்,
அதன் உச்சியில் வெள்ளைப் பெட்டி.
எதிர்க்கரட்டுப் பெட்டியின்
முகம் பார்த்தால்தான் பேசும்.
ஒரு விரக்கடை விலகினாலும் ஊமை.

நேற்று ராத்திரி ஒற்றை யானை
குழாயில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது.
விடிந்ததும் ரேஷன் மெஷினுக்கு
கெம்பனின் பெருவிரல் அடையாளம் தெரியவில்லை.

ஸ்பேனரோடு ஏறினேன்.
குழாய் சாயவில்லை.
குழிக்குள்ளேயே முறுகி
கிழக்கே பார்த்து நின்றது பெட்டி,
பள்ளத்துக்கு அக்கட்டால
பதினோரு கூரை.
எங்கள் நோட்டில் இல்லாத ஊர்.

போனில் பார்த்தேன்.
பூட்டில்லாத பெட்டிக்குள்
யாரோ மூன்று பேர்.
உள்ளே ஒன்றுமில்லை, எந்தப் பக்கமும் போகாத வழி.
ஆனாலும் வெளியே போகாமல்
உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பினால் பத்து நிமிச வேலை.
நட்டைத் தளர்த்தினேன்.

"வந்துருச்சுங்களா?"
கீழிருந்து கெம்பன்.

"சித்த இருங்க" என்றேன்.
இன்னொரு பெட்டி, இரண்டாயிரத்து முன்னூறு.
அதை முப்பத்தாறு வீட்டுக்கு வகுத்து,
பிறகு
நாற்பத்தேழு வீட்டுக்கு வகுத்துக்கொண்டிருந்தேன்.