மூன்றாம் எண்

முதுநகர்த் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று என்றது டீக்கடை டிவி.
மழைக்கு முன்னால் சர்வரை ஒழுங்காக அணைத்து வைக்கலாமென்று
கெடிலம் பாலம் தாண்டி
மஞ்சக்குப்பம் நர்சிங் ஹோமுக்கு வந்தேன்.

கேட்டேன்.
நலம் என்றது லினக்ஸ்.
எழுத முடிகிறது, படிக்க முடிகிறது,
பதினோரு மாதமாக ஒருமுறைகூட விழவில்லை.
பொய்யில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
நான்கு டிஸ்க்கை மறைத்துக்கொண்டு
ஒன்றென்று காட்டுகிறது ரெய்டு கார்டு.
உள்ளே ஒருவர் செத்துக் கிடக்க
வாசலில் கோலம் போட்டுவிடுகிற குடும்பம்.

முன்பக்கத் தட்டு ஒன்றில்
ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டர்.
"லைட்டு ராத்திரியெல்லாம் கண்ணைக் குத்துச்சு சார்,
நான்தான் ஒட்டுனேன்" என்றார் வேதநாயகி.
உரித்தேன்.
எரிந்து எரிந்து விளக்கும் ஓய்ந்திருந்தது.

கத்தவில்லையா இது?
கத்தியதாம், ஒரு வாரம்.
மாடியில் பேஷண்டுக்கு ஏதோ என்று
இரண்டு தடவை ஓடிப்போய்ப் பார்த்தார்களாம்.
பிறகு யாரோ போனில் சொல்ல, யாரோ தட்ட,
வாய் அடைபட்டது.
கிரான் மட்டும் விடாமல்
நாற்பத்தொரு நாள் கடிதம் போட்டிருக்கிறது
அற்புதராஜ் பெயருக்கு.
அவர் பஹ்ரைன் போய் இரண்டு வருஷம்.

கூண்டு ஏற்றக் கம்பம் இருந்தால் போதாது,
அண்ணாந்து பார்க்க ஓர் ஊர் வேண்டும்.

கார்டை அதன் பாஷையில் கேட்டேன்.
இரண்டாம் எண் போய்விட்டது என்றது.
ஒன்றாம் எண்ணில் படிப்புப் பிழை, இருநூற்றுப் பன்னிரண்டு.
முதலில் ஸ்கேன் படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன்,
ஏழாயிரம் கர்ப்பங்கள்.
பிறகு இரண்டாவது தட்டின் கொக்கியில் விரல் வைத்து,
நின்றேன்.
அது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற சாதி.
அதன் இரண்டு நமக்கு மூன்று.
பசைத் தடமும் மூன்றாவதில்தான் இருந்தது.
சாவை மூடி வைத்த பிளாஸ்டரே
சரியான இடத்தையும் காட்டிக்கொடுத்தது.

புது டிஸ்க்கைச் செருகினேன்.
எட்டு சதவீதத்தில் கூண்டு ஐந்தானது.
முப்பத்தொன்றில் கரண்ட் போனது.
நாற்பதில் கலியமூர்த்தி டீசல் கேனோடு
முழங்கால் தண்ணீரில் வந்தார்.
"எவ்ளோ ஆச்சு?"
"அம்பது."
நடுவில் ஒருமணி நேரம்
அறுபத்தாறிலேயே நின்றது,
நானும் வேதநாயகியும் பேசிக்கொள்ளவில்லை.

புயல் மரக்காணம் பக்கம் ஒதுங்கியது.
நூறு ஆனபோது பால் வண்டிச் சத்தம் கேட்டது.

அன்றைக்கே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கார்டைக் கேட்கும்.
கெட்டது என்றால் என் போனுக்கு வரும்.
ஒன்றுமில்லை என்றாலும்
காலை ஆறு மணிக்கு ஒரு வரி வரும்:
நான்கும் நலம்.

வீட்டில் சிரிக்கிறார்கள்,
மாமியாருக்குக்கூட இப்படி விசாரித்ததில்லையாம்.

இன்று மணி ஆறு பத்து.
போன் சும்மா கிடக்கிறது.
வானத்தில் மேகமில்லை, துறைமுகத்தில் கூண்டில்லை.
பைக் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.