அகரம்சேரி

பள்ளிகொண்டா டோல்கேட்டில்
கம்பி தூக்கியது நினைவிருக்கிறது.
அடுத்து மாதனூர் டீக்கடை.
நடுவில் அகரம்சேரி என்று ஓர் ஊர்
இருந்தாக வேண்டும்.

விடிகாலை ஐந்தே முக்கால்.
வேனுக்குள் இருபத்திரண்டு பெண்கள்,
கழுத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனி அட்டை,
மடியில் டிபன் பாக்ஸ்.
நான்தான் ஓட்டியிருக்கிறேன்.
கோடு தாண்டவில்லை, யாரையும் இடிக்கவில்லை.
ஓர் ஊரை மட்டும் தொலைத்துவிட்டேன்.

படுத்ததும் தூங்குவான், கொடுத்து வைத்தவன் என்பார்கள்.
சலூன் நாற்காலியில் தூங்குவேன்.
மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டும்போது தூங்கினேன்,
போட்டோவில் இருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி
தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டினார்கள்.
காலையில் டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்:
மணிக்கு நாற்பத்தொரு தடவை
மூச்சு நின்றிருக்கிறது.
'நின்னா எப்படி மேடம், இதோ இருக்கேனே?'
'ஒவ்வொரு தடவையும் முழிச்சுதான் மூச்சு விடறீங்க.
நீங்க தூங்கியே பல வருஷமாச்சு.
நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.'

இக்பால் பாயிடம் சாவியைக் கொடுத்தேன்.
ஐந்து வாரம் சம்பளமில்லை.
மூக்கில் மாஸ்க், தலைமாட்டில் மெஷின்.
முதல் ராத்திரி குறட்டைச் சத்தமே இல்லாததால்
செல்வராணி பயந்துபோய்
இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மா சரியென்றபின் சாவி திரும்பியது.
சித்திரையில் ஒருநாள்
பன்னிரண்டு மணிக்குப் போன கரண்ட்
நாலு வரைக்கும் வரவில்லை.
மெஷின் செத்துக் கிடந்தது.
கண்ணுக்குள் மணல்.
'இன்னிக்கு ஓட்ட மாட்டேன் பாய்.'
'லேடீஸுக்கு யார் பதில் சொல்றது?'
நான் பதில் சொல்லவில்லை.
மாற்று ஆள் வந்து சேர ஆறரை.
இருபத்திரண்டு பேருக்கும்
அரைநாள் கூலி போயிற்று.

மறுநாள் வேனில் ஒருத்தரும் பேசவில்லை.
விரிஞ்சிபுரம் நிறுத்தத்தில்
காலை வணக்கம் சொல்கிற ஷமீம்கூட
ஜன்னலைப் பார்த்து ஏறினாள்.
டோல்கேட் தாண்டியதும்
என் பின்சீட்டு அஞ்சுகம் சொன்னாள்:
'ரெண்டு வருஷமா
உன் தலை சாயறப்பல்லாம்
டிபன் பாக்ஸால கம்பியத் தட்டுவேன்.
சனியனே, தாளம் போடாதேன்னு திட்டுவ.'
கொஞ்சம் பொறுத்து,
'இப்ப தட்டறதில்ல, கவனிச்சியா.'

கவனிக்கவில்லை.
முன்னால் பார்த்தேன்.
அகரம்சேரி.
ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பஞ்சர் கடை,
கடைவாசலில்
வாய் நிறைய நுரையோடு
பல் தேய்க்கிற ஒருவன்.