இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு

அக்டோபர் கடைசி வாரம். விஸ்கான்சினில்
மரங்கள் உதிர்த்து முடித்துவிட்டன.
தொலைக்காட்சி இன்னும் முடிக்கவில்லை.

உணவுக்கூடத்தில் நான்கு திரைகள்.
ஒன்றில் கறுப்பு வெள்ளையாக ஒரு வேட்பாளர்,
வாய் கோணிய நொடியில் நிறுத்திய படம்.
அடுத்ததில் அவரே, வண்ணத்தில்,
கன்றுக்குட்டிக்குப் புட்டிப்பால் புகட்டுகிறார்.
மூன்றாவதில் நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு,
பிழை வரம்பு மூன்று.
நான்காவதில் ஒலி இல்லை. அதன் கீழ்தான் சாப்பிடுவேன்.

தபால் பெட்டியில் தினம் ஆறு வழவழப்பு அட்டைகள்.
என் அறைத்தோழி கிரெட்டா அவற்றை மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.
பாரேன், ஜனநாயகம் எதையோ தாங்குகிறது என்றாள்.

சிரித்தேன். எவ்வளவு பொய், எவ்வளவு சேறு என்று
வகுப்பில் கை உயர்த்தியும் பேசினேன்.
பேராசிரியர் ஹால்வர்சன் தலையாட்டினார்.

அன்றிரவு ஒன்றே முக்காலுக்கு
போர்வைக்குள், நீல வெளிச்சத்தில்,
பெயர் கேட்காத ஒரு கட்டத்தில் எழுதினேன்:
பா ஹூவா ஷியோங் வேதியியல் தேர்வுத்தாளை
முன்கூட்டியே பார்த்திருக்கிறாள், நிச்சயமாக.

அவள் தொண்ணூற்றாறு. நான் அறுபத்தொன்று.
நடுவில் கிடந்த முப்பத்தைந்தை
வேறு எப்படித் தாண்டுவதென்று தெரியவில்லை.

விடிவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு அம்புகள், மேல்நோக்கி.
எனக்கும் தெரியும் என்றார் ஒருவர்.
என்ன தெரியும்? நான் இட்டுக்கட்டியதற்கு
எங்கிருந்தோ சாட்சி வந்துவிட்டது.
ஒருவர் அவள் இனத்தை இழுத்தார்,
ஒருவர் அவள் அறை எண்ணைப் போட்டார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.
இந்த ஊருக்கு வாய்கூட இல்லை.
கட்டைவிரல்கள்தான்.

மொட்டைக் கடுதாசிக்காவது ஒரு கையெழுத்து இருந்திருக்கும்,
சாய்ந்த ஓர் எழுத்து, தபால் முத்திரை,
எச்சில் தொட்டு ஒட்டிய உறை,
காட்டிக்கொடுக்க ஏதோ ஒன்று.

திரையில் கன்றுக்குட்டி பாலைக் குடித்து முடித்தது.
இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு என்றார் வேட்பாளர்,
தன் பெயரைச் சொல்லி, தன் குரலில்.
சேற்றை வாரி இறைத்தவருக்கும்
கடைசி நான்கு நொடி அப்படி. சட்டம்.
கரண்டியை வைத்துவிட்டேன்.

செவ்வாயன்று தீயணைப்பு நிலையத்தில்
அட்டைத் தடுப்புக்குள் குனிந்து வாக்களித்தேன்.
என் பேனா எங்கே நின்றதென்று யாரும் பார்க்கவில்லை.
இந்த மறைவு என்னைக் காக்க.
அந்த மறைவும்
என்னைத்தான் காத்தது. அங்கேதான் இடிக்கிறது.

இரவு, சலவை அறையில் அவள்.
இயந்திரத்தின் மேல் கிண்ணம், பாலில் சோள அவல்,
நின்றபடியே சாப்பாடு.
உணவுக்கூடத்துக்கு அவள் வந்து பன்னிரண்டு நாள்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

நான்தான் எழுதினேன் என்றேன். லீனியா ஓஸ்ட்பி
என்று முழுப்பெயரும் சொன்னேன்,
பக்கத்து மேசைக்காரிக்கு.

தெரியும் என்றாள்.
நிச்சயமாக என்ற சொல்லில்
நீ எப்போதும் ஓர் எழுத்தை மாற்றிப் போடுவாய்.
உன் ஆய்வக ஏட்டைத் திருத்துவது யார்?

உலர்த்தி மணியடித்தது.
துண்டுகளை மடித்தாள், மூலைக்கு மூலை.
என்னிடம் சொல்லி என்ன செய்ய, என்றாள்,
அங்கே போய்ச் சொல்.

மாடியில் பெருங்கூச்சல். ஒரு மாநிலத்தை
யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்,
எண்ணியது இரண்டு சதவீதம்.

வாக்களித்தேன் என்ற வில்லை
மேல்சட்டையில் பாதி உரிந்து தொங்க
அந்தக் கட்டத்தைத் திறந்தேன்.
இப்போதும் அது பெயர் கேட்கவில்லை.
முதல் வரியில் போட்டேன்.

அடுத்த வரியில் அந்தச் சொல் வந்தது.
பிழையோடு விழுந்தது.
திருத்தவில்லை.