கடையில் இல்லாத எழுத்து

வூப்பர்டாலில் விடிந்ததிலிருந்து மழை.
இந்த வாரத் தள்ளுபடித் தாளைக்
குசினித் தரையில் விரித்து
மொட்டைக் கத்தரிக்கோலோடு குந்தியிருக்கிறோம்.

வெண்ணெய் விலைக்கு மேலே விரல் வைத்து
"அப்பா, ட" என்கிறாள் மிதுசா.
அது எல், ஜெர்மன் என்று
வாயெடுக்கிறேன்.
அதற்குள் வெட்டிவிட்டாள்.

பிறகு மாடிப்படியில் ஒரு ட.
சுவரில் சாய்ந்து கால் நீட்டினால்
நானும் ட.

இரவு வேலைக்குச் சப்பாத்துப் போடுகையில் பார்க்கிறேன்:
கதவில், என் முட்டி உயரத்தில்,
பசை காயாமல் இரண்டு ப.
முதலாவதின் தலையில் செர்ரிப்பழம்.
கடைசியில்
நூடில்ஸ் பெயரிலிருந்து வெட்டிய ஓர் அரவு.

"ப்பா" என்று வாசித்தேன்.
"அ எங்கே?"

"அது அந்தக் கடையில இல்லை"
என்றவள்
பசைக் கையை
என் காற்சட்டையில் துடைத்தாள்.