மயிரிழை பாக்கி

எல்கோவில் தார்ச்சாலை ஓரம்
பனி இன்னும் அழுக்காய்க் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை
மைட்டே உருட்டியா கடைக்குள் வந்தாள்.
பூட்ஸில் ஆட்டுப்புழுக்கை,
சட்டைப்பையில் ரப்பர் வளையம் போட்ட
நானூற்றைம்பது டாலர்.

மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன்.
மூன்றும் பழைய பாணி:
சுத்தியலைக் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் இழுத்தால்தான் சுடும்.

முதலாவதன் உடம்பில்
எண்ணெயில் விழுந்த வானவில்போல் நிறம் ஓடும்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்,
கவிழ்த்து வைத்துவிட்டாள்.
இரண்டாவது இத்தாலியில் செய்த நகல்,
பார்வைக்கு மாப்பிள்ளைத் தோரணை.
மூன்றாவது அடகுக்கு வந்து மீளாதது.
உறையில் உரசி உரசி நீலம் போய்க்
குழல்நுனி வெளிறியிருந்தது.

எது நல்லது என்று அவள் கேட்கவில்லை.
அறைகள் காலியா என்று நான் பார்த்த பிறகும்
தானே பார்த்தாள்.
அடுத்த அறையில் பிள்ளை தூங்குவதுபோல
அத்தனை மெதுவாகச் சுத்தியலை இழுத்தாள்.
இத்தாலிக்காரனின் சுத்தியல் முழுதாய் நின்றுவிட்டது,
உருளை இன்னும் பூட்டவில்லை.
மயிரிழை பாக்கி.
எனக்கு முன்பே தெரியும்.
சொல்லவில்லை. வியாபாரம்.
அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பழையது
நான்கு சொடுக்கு, நான்கும் தனித்தனியாக.
உருளையை அசைத்தாள், அசையவில்லை.
குழலுக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் பிடித்தாள்,
காகிதக் கனத்தில் ஒரு கீற்று.

"ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கா?" என்றேன்.
தொப்பி மாட்டி இரும்புத் தட்டுகளைச் சுடுபவர்கள்
இந்த ஊரில் நிறைய.

"கோவேறு கழுதைக்கு."

போன செப்டம்பர், ரூபி மலைச்சரிவில்,
சுமையோடு சறுக்கி முன்கால் இரண்டும் முறிந்தது.
அண்ணன் சல்லிசாக வாங்கிய துப்பாக்கி.
முதல் தடவை வெறும் சொடுக்கு.
இரண்டாவதும்.
"மூன்றாவதுக்குள்
அது திரும்பி என்னைப் பார்த்துவிட்டது."

சீட்டில் நானூற்றெண்பது போட்டிருந்தது.
நானூறு வாங்கிக்கொண்டேன்.
மீதிக்கு ஒரு பெட்டித் தோட்டா கேட்டாள்.
"ஒரு கழுதைக்கு ஐம்பதா?"
"நாற்பத்தொன்பது என் கைக்கு."

ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்ப வேண்டும்,
சுத்தியலுக்குக் கீழே காலி அறை,
என்று வாயெடுத்தேன்.
அதற்குள் கதவு மணி அடித்து ஓய்ந்தது.

அன்று மாலை கடை சாத்தும்போது
இத்தாலிக்காரனைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.
பழுதுத் தட்டில் போட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.