மூன்றாவது செங்கல்

கட்டிலின் தலைமாட்டில் முதல் செங்கலை வைத்தது
மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம்.
ரெண்டாவது, அவளுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம்.
மூன்றாவதை
எதிர்வீட்டுக் கட்டுமானத்தில் கேட்டு வாங்கி வந்து
சுவரோரம் சாத்தியிருக்கிறாள் முப்பிடாதி.
இன்னும் வைக்கவில்லை.
"வியாழக்கிழமைக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருங்க.
வச்சபிறகு எடுக்கச் சொல்லக் கூடாது."

சரிந்த கட்டிலில் பதினோரு வருஷம்.
எனக்காவது வியாதி.
அவளுக்கு என்ன?
விடிகிறபோது இருவரும்
கால்மாட்டுப் பலகையில் வந்து குவிந்து கிடப்போம்,
மதகில் ஒதுங்கிய ஆகாயத்தாமரை மாதிரி.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஜெபசிங்
மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில்
படம் போட்டுக் காட்டினார்.
குழாய். பை. நடுவே ஒரு கதவு.
"கதவு சரியா மூடல.
வயித்தோட மேல்பகுதிய எடுத்து
குழாயச் சுத்தி ஒரு மடிப்பு. அவ்வளவுதான்."
யாரிடம் சொல்கிறார்?
பத்தொன்பது வருஷமாகக் கன்னடியன் காலில்
ஷட்டர் ஏற்றி இறக்குகிறவனிடம்.
ரப்பர் தேய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும் டாக்டர்.
புது ரப்பர் போட்டு இறுக்கிய மடை
திறக்க வேண்டிய நாளில் திறக்காமல்
நாலு பேர் சக்கரத்தில் தொங்கியதும் தெரியும்.

அதைத்தான் கேட்டேன்.
பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"சிலருக்கு ஏப்பம் வராது.
வாந்தி வந்தாலும் வெளிய வராது.
பழகிரும்."

மீராசா பாய்க்குப் பழகவில்லை.
மேலப்பாளையம் போய்ப் பார்த்தேன்.
அறுவை முடிந்து மூன்று வருஷம்.
"எரிச்சல் சுத்தமா இல்லவே.
மல்லாந்து படுக்கேன், பச்சப்புள்ள மாதிரி" என்றவர்
நான் கலர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு ஏப்பம் வந்தபோது
கண்ணை மூடிக்கொண்டார்.

என் வீட்டில் அது சும்மா காற்று இல்லை.
ஞாயிற்றுக்கிழமை சொதிச் சோறு, இஞ்சித் துவையல்.
கை கழுவிவிட்டு நான் விடுகிற ஏப்பத்துக்கு
அடுக்களையில் பாத்திர ஓசை ஒரு நொடி நிற்கும்.
இருபத்துநாலு வருஷத்தில்
வேறு சான்றிதழ் நான் கொடுத்ததில்லை.
இப்போது சொதியே இல்லை.
எலுமிச்சை ஆகாது, தேங்காய்ப்பால் ஆகாது.
தனக்கென்று மட்டும் அவள் வைப்பதும் இல்லை.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு
எதுக்களித்து எழுந்தேன்.
தொண்டையில் புளித்த தீ.
சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன்.
நிமிர்ந்து இருந்தால் கொஞ்சம் இறங்கும்.
டார்ச் வெளிச்சத்தில் ஏழாம் நம்பர் மடை.
அடியில் கசிகிறது.
மாதாமாதம் பதிவேட்டில் எழுதுகிறேன், 'சிறு கசிவு' என்று.
எந்த என்ஜினியரும் இறங்கி வந்து பார்த்ததில்லை.
அந்தக் கசிவை நம்பி
கரைச்சரிவில் நாலு பாத்தி தண்டங்கீரை.
போட்டது யாரென்று தெரியும். சொல்ல மாட்டேன்.

என் கசிவிலும்
ஏதோ முளைக்கப் பார்க்கிறதாம்.
குழாயின் கீழ்முனையில் சதை நிறம் மாறுகிறது,
கிள்ளி அனுப்பியிருக்கிறோம், பயமில்லை,
ஆனால் விட்டுவைக்க வேண்டாம் என்றார் டாக்டர்.
இதை முப்பிடாதியிடம் சொல்லவில்லை.

ஏப்பத்தை மட்டும் சொன்னேன், விடிந்ததும்,
அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம்.
ஆபரேஷன் செய்தால் வராமல் போகலாமாம்.
கழுநீரைச் சாய்த்து ஊற்றினாள்,
ஒரு அரிசி போகாமல்.
"வராட்டாப் போகுது.
நல்லாருக்குன்னு வாயால சொல்லுங்க."

இன்று புதன்.
மடைக்குப் போகும் வழியில்
ஆள் இல்லாத இடமாகப் பார்த்து
சைக்கிளை நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன்,
நல்லாருக்கு.

முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது.
ரெண்டாம் தடவை வந்தது,
கொஞ்சம் புளிப்போடு.